நின்றபடியே ஓடிய வண்டி

லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி ஏப்ரல் கடைசியில் திடுதிப்பென்று பதினாறுக்கு இறங்கியபோது, விஜயராகவனுக்கு வண்டியின் மேல் சந்தேகம் வரவில்லை. வனமாமலையின் மேல்தான் வந்தது.

ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் ஜப்பானிய டைரக்டருக்காக வாங்கிய ஹைபிரிட் கார் அது. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாகவே அடங்கிவிடும். வண்டி ஆனில் இருக்கிறதா இல்லையா என்றே வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. இரண்டாயிரத்துப் பதினாலில் அந்தச் சாலையில் அப்படிப்பட்ட வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலையில் டைரக்டரைப் பூந்தமல்லியிலிருந்து கூட்டிவந்து, மாலையில் கொண்டுபோய் விடுவது வனமாமலையின் வேலை. நாங்குநேரிப் பக்கத்துக்காரன், முப்பது வயது. கேட்டதற்குப் பதில் சொல்வான். கேட்காததைச் சொல்ல மாட்டான். விஜயராகவனுக்கு அந்த மௌனமே உறுத்தும்.

அவர் நிர்வாக அதிகாரி. கம்பெனி வண்டிகளெல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பஸ் டிரைவர் டீசலை உறிஞ்சி விற்றுக்கொண்டிருந்தார். 'அண்ணே, அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர். மாட்டியது அவர், மேலிடத்தில் கைகட்டி நின்றது விஜயராகவன். சூடு கண்ட பூனை. அதன்பிறகு பணிவாகப் பேசுபவனையும் அவர் நம்புவதில்லை, பேசாதவனையும் நம்புவதில்லை.

"இன்னாப்பா வனமாமலை, வண்டி திடீர்னு இவ்ளோ குடிக்குது?"

"வெயில் ஜாஸ்தி சார். ஏசி கூடுதலா ஓடுது."

"போன வருஷம் வெயில் அடிக்கலையா?"

வனமாமலை தலையைக் குனிந்துகொண்டான். மடியில் கனம் இல்லாதவன் எதற்குத் தலையைக் குனிய வேண்டும்?

விஜயராகவன் முதலில் பெட்ரோல் பங்க்கை மாற்றிப் பார்த்தார். பிறகு தானே கூடப் போய் டேங்க்கை நிரப்பி, மூடியின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் கழித்துக் காகிதம் ஒட்டினபடியே இருந்தது. மைலேஜ் மட்டும் அதே பதினாறு. அடியில் குழாயைக் கழற்றி எடுக்கிறானோ என்று, விசிட்டர் பார்க்கிங்கில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குனிந்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார்.

"கீழ என்ன சார் தேடுதிய?"

வனமாமலை பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல, டயர்ல காத்து இருக்கான்னு பார்த்தேன்."

அது பொய் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. எழுந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பியிருந்தது. வனமாமலை துடைக்கத் துணி எடுத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை.

அந்த வாரத்தில்தான் மாடி ஜன்னலிலிருந்து அவர் இன்னொன்றையும் கண்டார். விசிட்டர் பார்க்கிங் கேட்டுக்கு வெளியே இருந்தது. அங்கே ஒரு வயதான அம்மாள் வயர்கூடையோடு காருக்குப் பக்கத்தில் நின்றாள். கூடையைத் துணி போட்டு மூடியிருந்தாள், வெயிலுக்குத் தன் முந்தானையையும் முன்பக்கம் முழுக்க இழுத்துப் போர்த்தியிருந்தாள். வனமாமலை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை வாங்கி வண்டிக்குள் வைத்தான். பெட்ரோல் கேன்தான் என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. இறங்கிப் போவதற்குள் போன் வந்துவிட்டது. பேசி முடித்துப் பார்த்தால் கிழவியைக் காணோம்.

மறுநாள் வண்டியை சர்வீஸ் சென்டருக்குத் தானே கொண்டுபோனார். பொன்னுரங்கம் அங்கே இருபது வருஷ மெக்கானிக். இரண்டு மணி நேரம் வண்டியைக் குடைந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நாலு டயர்லயும் காத்து கரெக்டா கீது. பிரேக் எங்கியும் புடிக்கல. ஏர் ஃபில்டர் சுத்தம். பேட்டரிக்குக் காத்து போற வழில தூசி அடைச்சிருந்தா மைலேஜ் வுழும் சார், அதுவும் கிளீனா கீது. வண்டி மேல குத்தம் இல்ல."

"அப்போ ஆள் மேலதான் குத்தம்."

"அப்படி நான் சொல்லல. இத்தப் பாருங்க." பொன்னுரங்கம் டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினார். "சராசரி வேகம் இருபத்திநாலு. ஜனவரில வந்தப்ப முப்பத்தெட்டு. அதே ரோடு, அதே தூரம். எப்டி இறங்கிச்சு?"

"டிராஃபிக்கா?"

"டிராஃபிக்னா இவ்ளோ இறங்காது. வண்டி ஆன்ல கீது, ஆனா சக்கரம் சுத்தல. ஏசியப் போட்டுக்கினு நின்னா பேட்டரி இறங்கும். இறங்கறப்பல்லாம் இன்ஜின் தானா எழுந்து சார்ஜ் ஏத்தும். அதுக்குப் பெட்ரோல் வேணுமா இல்லியா? தினிக்கும் ஒரு மணி நேரம் எங்கியோ நின்னுக்கினே ஓடுது சார் இந்த வண்டி."

திரும்பி வரும் வழியெல்லாம் விஜயராகவனுக்கு ஒருவகைத் திருப்தி. ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான் பயல். ஆனால் தூங்குகிறவனுக்கு எதற்குக் கிழவி, எதற்குக் கூடை?

மறுநாள் மதியச் சாப்பாட்டு மணிக்குக் கால் மணி முன்னாலேயே அவர் செக்யூரிட்டி அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். காவலாளி தசரதன் அவரைப் பார்த்ததும் எழுந்து, காரணமில்லாமல் தொப்பியைக் கழற்றி மாட்டினான். இவனுக்கும் பங்கு உண்டா?

கிழவி அதேபோல முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். வனமாமலை பின்கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறினாள். மணி அடித்தது. சாம்பல்நிறச் சீருடை போட்ட ஒரு பெண் கேட்டைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வந்தாள். உற்பத்தி லைனில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் பெண். அவளும் காருக்குள் ஏறினாள். வனமாமலை கதவைச் சாத்திவிட்டு, காருக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்தபடி நின்றான்.

விஜயராகவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பெட்ரோல் போகட்டும். டைரக்டரின் வண்டியில், பட்டப்பகலில், இவன் என்ன தொழில் நடத்துகிறான்? விறுவிறுவென்று போனார்.

"சார், வேண்டாம் சார், திறக்காதிய..."

வனமாமலையைத் தோளில் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தார்.

குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. இருக்கையின் மூலையில் அந்தப் பெண் சட்டென்று திரும்பிக்கொண்டாள். அவள் மடியிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிழவி தன் முந்தானையை விரித்து இருவரையும் மறைத்தாள். பிள்ளை வீல் என்று கத்தியது. கால்மாட்டில் வயர்கூடை. அதில் மடித்த துணிகளும் ஒரு கிலுகிலுப்பையும்.

விஜயராகவன் கதவைச் சாத்தினார். சாத்திய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இசக்கிசெல்வி, எங்க ஊர்ப் பக்கத்துப் பிள்ள சார்" என்றான் வனமாமலை. "அது அவ அம்மா, செல்லக்கனி. ரூம் மாத்தூர்ல இருக்கு. பிள்ளைக்கி அஞ்சு மாசம். புட்டிப்பால் ஒத்துக்கல, ரெண்டு தடவ பேதியாயி ஆஸ்பத்திரில கிடந்துச்சு. அரைமணி பிரேக்ல ரூமுக்குப் போயிட்டு வர முடியாது. உள்ள பிள்ளையக் கொண்டாற விட மாட்டாவ. முதல்ல அந்த மதில் ஓரமா வெயில்ல உக்காந்துதான் குடுத்துக்கிட்டிருந்தா. லாரிக்காரனெல்லாம் நின்னு பாத்துட்டுப் போவான். என்னால பாக்க முடியல சார். டீ பிரேக்குக்கும் சாப்பாட்டுக்கும் வண்டியக் குளுர வச்சுக் குடுத்தேன். வேற ஒரு சொட்டு எடுக்கல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியளா?"

விட்டிருக்க மாட்டார். இருந்தாலும் நேராக அப்படிக் கேட்டது அவருக்குக் குத்தியது. "டைரக்டர் வண்டி இது. நாளையிலிருந்து வேண்டாம். நான் வேற ஏற்பாடு பண்றேன்" என்றார்.

பண்ணவும் செய்தார். அன்று மாலையே மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார்: கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு கேட் பக்கம் ஓர் அறை வேண்டும். யார் பெயரையும் போடவில்லை, காரைப் பற்றியும் எழுதவில்லை. வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை இசக்கிசெல்வியின் அடையாள அட்டை கேட்டில் வேலை செய்யவில்லை. ஆள் குறைப்பு என்றானாம் கான்ட்ராக்டர். அந்த லைனில் குறைக்கப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

வனமாமலை அவர் அறைக்கு வந்தான். அதுவரை அவன் மாடி ஏறியதே இல்லை.

"நீங்கதான சார் சொன்னிய?"

"சத்தியமா அவ பேரை நான் எங்கயும் சொல்லலப்பா. ரூம் வேணும்னு மட்டும்தான் எழுதினேன்."

"பேரு எதுக்கு சார்? கைப்பிள்ளைக்காரி இங்க அவ ஒருத்திதான இருக்கா. ஒரு ரூம் குடுக்கதவிட ஒரு ஆள அனுப்புதது அவியளுக்கு லேசு."

இத்தனை நாள் எல்லாரையும் சந்தேகப்பட்ட விஜயராகவனுக்கு, தன் கடிதத்தை யார் எப்படிப் படிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் சந்தேகப்படத் தோன்றவில்லை.

கான்ட்ராக்டரிடம் போனார். "நம்மகிட்ட ஆள் எடுக்கறதும் அனுப்பறதும் சகஜம் சார்" என்று அவன் சிரித்தான். மனிதவளப் பிரிவில், "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்பு?" என்றார்கள். மூன்று நாள் அலைந்துவிட்டு, நான்காம் நாள் டைரக்டரின் அறைக் கதவைத் தட்டினார். இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். மைலேஜ், மூடியில் ஒட்டிய காகிதம், கார், குழந்தை, தன் கடிதம். எதையும் விடவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார்.

டைரக்டர், "என் காரில் நடந்தது எனக்கு ஏன் கடைசியில் தெரிகிறது?" என்று மட்டும் கேட்டார். டிரைவரின் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அடுத்த மாதமே கேட் பக்கத்து ஸ்டோர் அறையைக் காலி செய்து, மின்விசிறியும் திரைச்சீலையும் போட்டார்கள். இசக்கிசெல்வியைத் திரும்ப எடுக்கச் சொல்லி கான்ட்ராக்டருக்கும் உத்தரவு போனது.

அவளைக் கூப்பிட விஜயராகவனே போனார். வண்டியை ஓட்டியவன் வனமாமலை. அதற்குள் தாயும் மகளும் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிமாறியிருந்தார்கள். வரிசையாகப் பத்து அறைகள் கொண்ட லைன் வீடு. இசக்கிசெல்வி இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்றே பேசினாள்.

"பேக்கிங் கம்பெனில சேந்துட்டேன் சார். ரோட்டத் தாண்டுனா ரூம். பசிச்சா வந்து குடுத்துட்டுப் போறேன். சம்பளம் கொறச்சல்தான், பரவாயில்ல."

"இப்ப அங்க தனி ரூமே இருக்கும்மா. உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதிய சார்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு வேற எதுக்காவது கார்டப் புடுங்குவாவ. இனிமே வேலைக்கு வர்ற பிள்ளைகளுக்கு அந்த ரூம் இருக்கட்டும்."

செல்லக்கனி உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார்.

திரும்பும்போது விஜயராகவன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பென்னலூர் தாண்டியபிறகு கேட்டார்.

"இன்னும் எம்மேல சந்தேகமா வனமாமலை?"

"சந்தேகம் இல்ல சார். நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும்." அவன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "ஆனா இனிமே ஒண்ணுன்னா உங்ககிட்ட வந்து சொல்லணும்னு தோணாது. அவ்வளவுதான்."

எதிரே ஏற்றுமதிக்குப் போகும் புதுக் கார்களைச் சுமந்து நீண்ட டிரெய்லர் ஒன்று வளைவில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வனமாமலை வண்டியை ஓரங்கட்டி, அது போகும்வரை காத்திருந்தான்.