கிளீனர் இல்லாத வண்டி

பட்டம் வேண்டாம், ஹெவி லைசென்சும் அனுபவமும் இருந்தால் லித்துவேனியாவுக்கு வேலை விசா கிடைக்கும் என்று ஏஜென்சிக்காரர் கலையரசன் சொன்னபோது நான் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் செங்கோடன் எட்டாவதோடு நின்றவர். அவருக்கு விசா தர அந்த ஊர்க்காரனுக்கு என்ன கிறுக்கா என்று கேட்டேன்.

"அக்கா, அவங்க சர்டிபிகேட்டே பார்க்கறதில்லீங்க. வெள்ளைக்காரர் ஒருத்தரு வந்து வண்டி ஓட்டச் சொல்லிப் பார்ப்பாருங்க. அதுல தேறுனாப் போதுமுங்க" என்றார்.

இவர் ஓட்டிக்கொண்டிருந்த ட்ரெய்லரை ஓனர் விற்றதிலிருந்து வீட்டில்தான் இருந்தார். கவுகாத்தி வரை போய் வந்த மனுஷன், ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் எரிந்து விழுந்தால்கூடப் பதில் பேச மாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த டெஸ்டில் தோற்றால் இனி ஸ்டியரிங்கையே தொட மாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டார்.

டெஸ்ட் நாமக்கல்லுக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டில். அடம்பிடித்து நானும் கூடவே போனேன். நாற்பதடி ட்ரெய்லரை வளைத்து ரிவர்ஸ் எடுத்து, இரண்டு வரிசை ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். கிளீனர் கிடையாது. எங்கள் பக்கம் கிளீனர் பின்னால் நின்று பாடியைத் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுத்தால்தான் வண்டி பின்னால் நகரும். இவருக்கு முன்னால் போன டிரைவர்கள் எல்லோரும் கூம்பை நசுக்கிவிட்டுத்தான் இறங்கினார்கள்.

இவர் ஏறினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் ட்ரெய்லர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அம்மாடி! அவ்வளவு நீள வண்டி, முன்பக்கம் ஒரு திசையும் பின்பக்கம் ஒரு திசையுமாகத் திரும்பி, ஒரு குலுங்கல் இல்லாமல் வளைந்து வந்தது. வீட்டில் டம்ளரைத் தவறவிடுகிற கைதானா இது? வாயைப் பிளந்து நின்றேன்.

திடீரென்று பின்சக்கரம் கூம்புப் பக்கம் ஒதுங்குவது போல் பட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடி, வண்டிக்கு நேர் பின்னால் நின்று, "வரட்டும்" என்று கத்த வாயெடுத்தேன்.

வண்டி நின்றுவிட்டது. இவர் கதவைத் திறந்து இறங்கி வந்தார். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். பாதி ரிவர்ஸில் இறங்குவது எங்கள் ஊரில் கத்துக்குட்டி செய்கிற வேலை.

"ஏனுங்க, எதுக்கு எறங்குனீங்க? போச்சு, எல்லாம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் போய் நில்லு அம்மிணி" என்றார். குரலில் கோபமே இல்லை.

நான் கயிற்றுக்கு வெளியே போகும்வரை அங்கேயே நின்றார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயருக்கு அடியில் குனிந்து பார்த்து, ஏறினார். ஒரே எடுப்பு. ஒரு கூம்புகூட அசையவில்லை.

வெள்ளைக்காரர் வந்தார். என்னால்தான் கெட்டது என்று அழுதுகொண்டே அவரைக் கும்பிட்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. எதற்காக இறங்கினீர்கள் என்று கலையரசன் மூலமாக இவரிடம் கேட்டார்.

"இவ கயித்துக்கிட்ட நின்னது கண்ணாடில தெரிஞ்சுட்டே இருந்துச்சுங்க. திடீர்னு காணோமுங்க. ஆளு எங்கன்னு தெரியாம வண்டிய எடுக்க முடியாதுங்களே."

கலையரசன் அதை எடுத்துச் சொன்னதும் வெள்ளைக்காரர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணா, நீங்க பாஸாயிட்டீங்க! தெரியலைன்னா எறங்கிப் பார்க்கோணும், அதைத்தான் அவரு எதிர்பார்த்தாராம். விசாவுக்கு உங்க பேரை இன்னைக்கே அனுப்பறாராம்."

அத்தனை பெரிய வண்டியை வளைத்துக்கொண்டிருந்த நேரத்திலும் ஒரு கண் என் மேலேயே இருந்திருக்கிறது.

"ஏ அம்மிணி, ஏன் பேச மாட்டேங்கற?" என்றார்.

போக வேண்டாம் என்றுதான் வாய்வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.