சின்னதே போதும்

பழைய பேட்டரியை அவள் மேசைமேல் போட்ட வேகத்தில் கடையின் கண்ணாடி அதிர்ந்தது.

"இதைவிடப் பெரிசா குடுங்க. டீசல் கார். குளிர்ல ஸ்டார்ட் ஆகணும்."

விடிகாலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறியபோது அது ஸ்டார்ட் ஆகவில்லை. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது; அவள் சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் மட்டும் முனகி முனகி அடங்கியது. "பதறாத. கொஞ்சம் விட்டு விட்டு அடி" என்றார், ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கத்து வீட்டுக் கார் வந்து நின்றபோது அவர் தலை கதவில் சாய்ந்திருந்தது.

அண்ணன் இதே கடையில் போட்டு வந்த பேட்டரி. அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே, வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "கஞ்சத்தனம் பண்ணி நீதான் கொன்னே" என்று கத்திவிட்டுத்தான் அவள் கிளம்பியிருந்தாள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் கனமான ஒன்றைத் தூக்கி வைத்தார். "இதுல கிராங்கிங் பவர் ஜாஸ்திம்மா. விளக்கு எரிய எதுவும் போதும். டீசல் இன்ஜினைச் சுத்த இந்த இழுப்பு வேணும்."

"அப்ப எங்க அண்ணனுக்கு ஏன் அதைக் குடுத்தீங்க?"

"அவரும் இதைத்தான் கேட்டாரு. கூட வந்த பெரியவர்தான் விடல. இனிமே எங்க ஓட்டப்போறோம், சின்னதே போதும்னு அவரே எடுத்துக்கிட்டாரு. குளிர்ல இழுக்காதுன்னேன். எனக்கே சொல்லித் தரியான்னு சிரிச்சாரு. நல்லா இருக்காரா?"

அவள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டாள்.

வீட்டு முன் கூட்டம் சேர்ந்திருந்தது. அவள் வருவதைப் பார்த்து அண்ணன் பானெட்டைத் திறந்தான். பேட்டரியை வைத்து, கம்பிகளை மாட்டினாள்.

"அப்பாதான் வாங்கினாருன்னு ஏன் சொல்லல?"

"அவரைப் படுக்க வச்சிருக்கு. எப்படிச் சொல்றது?"

"நான் வாய்க்கு வந்தபடி பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் நட்டைத் தேவைக்கு மேல் முறுக்கினாள். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியைப் பெயர்த்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொள்ளாமல் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கூடத்தில் பேச்சு நின்றது. அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள், மறுபடியும் மிதித்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. தூக்கியிருந்த பானெட்டின் விளிம்பில் அண்ணனின் விரல்கள் மட்டும் தெரிந்தன. தாங்குகம்பி போட்டிருந்தும் அவன் கையை எடுக்கவில்லை.