கரி கக்கியது

கீழ்த்தளத்தில் செருப்புப் பட்டறை. அங்கே பூசும் பசையின் நெடி படியேறி வந்து, மேல்வீட்டில் தானும் ஓர் ஆளாகக் குடியிருந்தது. கர்ப்பிணி மனைவிக்குச் சோறு உள்ளே இறங்கவில்லை.

"சாயங்காலம் அண்ணன் வருது. அதுக்குள்ள நெடி போகலைன்னா நான் அதுகூடவே கிளம்பிடுவேன்," என்றாள்.

"அதான் காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் வாங்கியாச்சே."

"வாங்கினீங்க. இப்ப அதுவும் என்னை மாதிரி மூச்சு முட்டி நிக்குது."

மெஷினுக்குள் நெடியை உறிஞ்சும் கரி நிறைந்துவிட்டது என்று அவனுக்கும் தெரியும். அவன் பிழைப்பே அதுதான். ஆலைகளிலிருந்து வரும் பழைய கரியை உலையில் சூடேற்றி, குடித்ததையெல்லாம் கக்க வைத்து, மறுபடி பசியோடு திருப்பி அனுப்பும் கம்பெனியில் அவன் உலைக்காரன். மலை மலையாகக் கரியைப் பார்த்தவனுக்கு இந்த ஒரு தட்டுக் கரி எம்மாத்திரம்?

தகரத் தட்டில் கரியைப் பரப்பி ஓவனில் வைத்தான். உலையில் செய்வது போலவே சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினான். காற்றடித்தால் உலைக்கு ஆகாது. கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்தியது.

கரி கக்கியது. மாதக்கணக்கில் குடித்த பசை நெடி மொத்தமும் அடுக்களையில் இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

மனைவி துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏங்க, உங்க கம்பெனில இதெல்லாம் எங்க போகும்?"

அவன் ஓவனை அணைத்தான். குழாய் வழியாக அடுத்த பிரிவுக்குப் போகும், அங்கே எரித்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததில்லை. அவன் வேலை சூட்டோடு முடிந்துவிடும்.

வாசலில் நின்ற மைத்துனர் உள்ளே வரவில்லை. "என்ன மாப்பிள்ளை, பட்டறையை மேல மாத்திட்டாங்களா?"

பை ஏற்கெனவே கட்டியிருந்தது. "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

ஜன்னல்களைத் திறந்துவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஆறிய கரியை மெஷினில் கொட்டி ஓடவிட்டான். அது நன்றாகவே வேலை செய்தது. படுக்கும் நேரத்துக்குள் நெடி போய்விட்டது. படுக்கையறையில் அவள் பவுடர் வாசனையையும் காணோம்.

எழுந்து போய் மெஷினை நிறுத்தினான்.