மூன்றாம் தொட்டியின் மேல்தண்ணீர்

அணுக்கழிவைச் சுத்தம் செய்யும் அந்தக் கூடத்தில் கிழவர் கால் வைத்து இருபது வருஷமாகிறது. அதே கார நெடி, அதே பச்சைச் சுவர். மச்சானோடு ஷிஃப்ட் பார்த்த காலம் வந்து நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மச்சான் என்றால் அக்கா புருஷன். போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.

இஞ்சினியரம்மா பழைய பதிவேட்டை விரித்தாள். "மூணாம் தொட்டியை நாளைக்குத் திறக்கறோம் ஐயா. சீசியம் சேறாப் படிஞ்சிருச்சு, மேல்தண்ணி சுத்தம்னு உங்க மச்சான் எழுதியிருக்காரு. அப்ப ஆளுங்க பக்கத்துல நின்னே மூடியைக் கழட்டலாம்ல?"

கிழவர் அந்தக் கோழிக்கிறுக்கல் கையெழுத்தையே பார்த்தார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் கிழவருக்குப் பட்டப்பெயர் 'மறுபடி'. யார் செய்தேன் என்றாலும் நம்பமாட்டார்.

"பொண்டாட்டி உப்புப் போட்டேன்னாலும் இன்னொரு பிடி போடுறவன்டா மாப்ள நீ!" என்று மச்சான் கூடமே அதிரச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

கதிர்வீசும் சீசியம் அடியில் படிய, மருந்து கலந்த கழிவில் காரத்தை அளந்து ஊற்ற வேண்டும். கூடினால் படிந்த சீசியம் கரைந்து மேலே ஏறிவிடும். அன்று "ஊத்தியாச்சு மாப்ள" என்றார் மச்சான். அவர் டீ குடிக்கப் போனதும் இவர் இன்னொரு கேன் காரத்தைக் கவிழ்த்தார்.

மாதிரியைச் சோதித்தால் மேல்தண்ணீரில் சீசியம்; மச்சான் முகம் செத்துவிட்டது. "மூடிவைக்கிற தொட்டிதானே. உன் வேலை போனா உங்கக்கா என்னைச் சும்மா விடுவாளா?" என்று 'சுத்தம்' எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவர் எழுத்தில் பொய் இருக்காது என்று அக்கா இன்றைக்கும் தெருவெல்லாம் பெருமை பேசுகிறாள். வாயைத் திறந்தால் செத்தவர் பேர் கெடும். திறக்காவிட்டால் நாளைக்கு மூடி பக்கத்தில் நிற்பவன் கதி?

"யாரும் கிட்டப் போகாதீங்கம்மா. சீசியம் மேல்தண்ணியிலதான் இருக்கு. முப்பது வருஷத்துல பாதிதான் குறைஞ்சிருக்கும்."

"அப்ப அவர் எழுதினது பொய்யா?"

"என்னைக் காப்பாத்த எழுதினாரு. பேனாவைக் குடுங்க."

அவள் ஈயத் தடுப்பு கேட்டுப் போனில் பேசிக்கொண்டிருக்க, கிழவர் அந்தக் கையெழுத்துக்குக் கீழே எழுத்துக்கூட்டி எழுதினார்: 'ரெண்டாவது கேன் நான் ஊத்தினது. மச்சான் சொன்னாரு. நான் நம்பல.'