மொபெட் சாவி குறித்த ஆய்வு

பராதி, அதாவது புகார் மனு, வாட்ஸப்பில் வந்தது. "மகள் என்ற முறையில் அல்ல, சிறைத்துறை ஆலோசகர் என்ற முறையில் படிக்கவும்" என்று அப்பா தொடங்கியிருந்தார். வாய்க்காலில் ஒரே ஒரு முறை விழுந்ததற்காக அம்மா மொபெட் சாவியைப் பிடுங்கி வைத்து இரண்டு மாதமாகிறது. விசாரணை கிடையாது. தண்டனை எத்தனை நாள் என்றும் சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறைக்குப் போய் சேக்காளிகளோடு ஒரு டீ குடிக்க வழியில்லை. கீழே, ரத்தினசாமி, வயது 76, எலப்புள்ளி.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. ஏதோ ஒரு நாட்டு அரசாங்கம் கூப்பிடும். போய் அங்குள்ள சிறைகளைப் பார்த்து, கைதியை எப்படி மனிதனாக நடத்துவது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். என்னிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பேன். பிறகு வாயைத் திறக்க மாட்டேன். பேசாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே சௌகரியம். மற்றவர்களுக்கு அது தாங்காது. நாலாவது நிமிடத்தில் உளறத் தொடங்குவார்கள். ஒரு மலைநாட்டு ஜெயிலர் மட்டும் ஏழு நிமிடம் தாங்கினார். அப்புறம் பதிவேட்டில் இல்லாத இருட்டறையைத் தானே திறந்து காட்டினார்.

லீவில் ஊருக்கு வந்த அன்றே அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குச் சாவியை எப்பத் தருவீங்க?"

ஐந்து நிமிடம் போனது. பத்து. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டைப் பிரித்தாள். ஐம்பது வருடமாக அப்பா பேசிக்கொண்டேயிருக்க, பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தவள். இவளோடு போய் நான் மோதியிருக்க வேண்டாம் என்று தோன்றியபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. யாரோ பேசும் குரல் கேட்டது. என் குரல்தான்.

"எனக்கும் பயந்தானுங்கம்மா. போன தடவை அப்பா பின்னால உக்காந்து போனப்ப ஊடு வந்து சேர்ற வரைக்கும் கண்ணே தொறக்கல."

ஜன்னலுக்கு வெளியே செருமல். "ஏங்கண்ணு, நீ எந்தக் கச்சி? பராதி குடுத்தது நானாக்கும்!"

"ஒட்டுக் கேட்டது போதும். போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்றாள் அம்மா. பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து என் முன்னால் போட்டாள். "இந்தா அம்மிணி. நீ ஊருலகத்துக்கே புத்தி சொல்றவளாச்சே. வெசாழக்கெழமை கெளம்பற வரைக்கும் நீயே வெச்சுரு. குடுக்கோணும்னா குடு."

அப்பா அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். குரலில் தேன்.

"காத்து நல்லா அடிக்குதல்லோ கண்ணு? ஒரு எட்டுப் போயிட்டு வந்தா என்ன?"

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்கப்பா."

வானத்தில் மேகம் என்று ஒன்றுகூட இல்லை. மறுநாள், ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கும் மறுநாள் எந்தக் காரணமும் சிக்காமல் "பார்க்கலாம்" என்றேன். இந்த ஒரு சொல்லை எத்தனை ஜெயிலர்களின் வாயிலிருந்து கேட்டு, அறிக்கையில் கண்டித்து எழுதியிருக்கிறேன்!

புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அப்பா கேட்கவே இல்லை. அதுதான் என்னை அறுத்தது. கிளம்பும்போது எப்படியும் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பையைச் சோதித்த பெண் சாவியை எடுத்துத் தட்டில் வைத்தாள். மறந்துவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பார்த்த ஜெயிலர்களில் சாவியோடு நாட்டைவிட்டே போனவர் யாருமில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, சாவி எங்கூடவே வந்துருச்சுங்க. மன்னிச்சுருங்க."

"அட, உங்கிட்டயே இருக்கட்டும் விடு." போனில் காற்று இரைந்தது. "நம்ம மெக்கானிக் மாரப்பன் நேத்தே வந்து ஒயரை நேராக் குடுத்துட்டான். சாவியே வேண்டீதில்ல. ஒரு ஒதை, வண்டி ஸ்டார்ட்டு!"

"இப்ப எங்கிருக்கீங்க?"

"கொழிஞ்சாம்பாறை ரோட்டுல."

"அய்யோ, போனை வெச்சுட்டு ஓட்டுங்கப்பா!"

"பயப்படாத கண்ணு. போன் ஒரு கைலதான் இருக்குது. இன்னொரு கை சும்மாத்தானே இருக்குது?"