அம்பு போட்ட படம்

திரையில் இரண்டு புள்ளிகள். பெண், 34. ஆண், 39. கோமுகி அணைப் பக்கம், கரும்பு வெட்டு. பெண் புள்ளியிலிருந்து ஆண் புள்ளிக்குச் சிவப்பில் ஒரு அம்பு. அந்தப் பெண் புள்ளி தான்தான் என்று கலையரசிக்குப் புரிந்தபோது கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் பழனி செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கூப்பிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் நடத்திய கூட்டம் அது. சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் சரத்குமார் தன்மையாகத்தான் பேசினார். கிருமியின் மரபணுவை ஒப்பிட்டால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரிந்துவிடுமாம். யார் பேரையும் போடவில்லையாம். பேரைப் போடவில்லை, சரி. அணையை ஒட்டிய கச்சிராயபாளையத்துப் பக்கமிருந்து இங்கே மாத்திரைக்கு வரும் கரும்பு வெட்டுக்காரி வேறு யார் இருக்கிறாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பின்வரிசையில் இரண்டு பேர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்று, எங்கள் ரத்தத்தை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டாள். வழக்கமான சோதனைக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததுதான் என்றார். மிச்சமாம். அவள் நரம்பில் ஊசி குத்தி எடுத்தது இவர்களுக்கு மிச்சமாகிவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்த அம்பு நெசமா சார்?"

"அது ஒரு கணிப்புதாம்மா. தப்பாவும் இருக்கலாம்."

"தப்பா இருக்கலாம்னா எதுக்கு சார் அம்பு போட்டீங்க?"

அடுத்த தடவை அம்பை எடுத்துவிடுகிறோம் என்றார் அவர். அடுத்த தடவை யாருக்கு வேண்டும்?

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது முதலில் தெரிந்தது அவளுக்குத்தான். கர்ப்பிணிக்குத்தானே ரத்தம் பார்க்கிறார்கள், புருஷனுக்கா பார்க்கிறார்கள்? பழனி சோதனைக்கே வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். பிறகு வந்தான். முடிவு தெரிந்த அன்று பஸ் ஸ்டாண்டில் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுதான். பெங்களூருக்கு லாரி ஓட்டிய காலத்தில் நடந்ததையெல்லாம் கொட்டினான். என்னாலதான் உனக்கு வந்துச்சு என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தினாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் அவன் மானத்தையும் காப்பாற்றினாள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"படிச்சவங்க சும்மாவா போடுவாங்க? இத்தினி வருசமா நான்தான் தல குனிஞ்சிகினு இருந்தேன். எங்க அண்ணங்கிட்ட காட்டுனா நீ எந்த வூட்டுக்குப் போவ?"

அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிட்டான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவனை அறையத் தோன்றியது. அந்தச் சிவப்பு அம்பைப் போட்டவனையும் சேர்த்து அறையத் தோன்றியது.

மறுநாள் காலை அணைக்குக் கீழே கரும்பு வெட்டு. ஜோடி ஜோடியாகத்தான் இறங்குவார்கள். புருஷன் முன்னால் வெட்டிக்கொண்டு போவான். பெண்சாதி பின்னாலேயே தோகை கழித்து, அந்தத் தோகையையே முறுக்கிக் கட்டுப் போடுவாள். என்றைக்கும் அதுதான் வழக்கம். பழனி தலையில் துண்டைக் கட்டித் திரும்புவதற்குள் கலையரசி கத்தியை எடுத்துக்கொண்டு கரும்புக்குள் இறங்கிவிட்டாள்.

மேஸ்திரி கொளஞ்சியப்பன் வரப்பில் நின்று, இன்னாம்மா இது புதுசா இருக்குது என்றார். எல்லா ஜோடியும் திரும்பிப் பார்த்தது.

"நான்தான் முன்னாடின்னு படிச்சவங்களே சொல்லிட்டாங்க மேஸ்திரி. அவரு பின்னால வந்து கட்டட்டும். அது இன்னான்னு கேளுங்க, போன்ல படம் வச்சிக்கினு கீறாரு."

மேஸ்திரி பழனியைப் பார்த்தார். பழனியின் கை சட்டைப்பையை மூடிக்கொண்டது. அந்தப் படத்தில் அவன் புள்ளியும் இருந்ததே. கலையரசி குனிந்து அடியோடு வெட்டினாள். வெட்டிய கரும்பு அவளுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக விழுந்துகொண்டே போனது. கட்டுப் போட இன்னும் யாரும் குனியவில்லை.