எலுமிச்சைக்கு வைத்த தேர்வு

திருநின்றவூரில் சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது ஞானகுமாரிக்கு மிஞ்சிய மண் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அகலம்தான். மற்ற இடமெல்லாம் கணவர் ஜெயபால் சிமென்ட் பூசிவிட்டார். ஆவடி குவார்ட்டர்ஸில் மழைக்கு மழை சேறு மிதித்தவர். மண்ணைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்தக் கட்டில் அகலத்தில் ஓர் எலுமிச்சை வைக்கலாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எந்த எலுமிச்சை என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அவளுக்கு நாட்டு எலுமிச்சைதான் வேண்டும். தோல் மெலிசு, இலையைக் கசக்கினாலே வாசனை கூடம்வரை வரும், ஊறுகாய்க்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. அவருக்கோ விதையில்லா எலுமிச்சை. நாட்டு மரம் முள் மரம், கேட்டோரம் வைத்தால் வருகிறவன் போகிறவன் சட்டையைக் கிழிக்கும் என்றார். காலையில் ஜூஸ் குடிக்கிற மனுஷன் எத்தனை கொட்டையைத்தான் துப்புவான் என்றும் கேட்டார். விதையில்லாததில் தண்ணீர் இருக்கும், எலுமிச்சை இருக்காது என்றாள் அவள். காலைக் காப்பியிலிருந்து ராத்திரி சப்பாத்திவரை இதே பேச்சு.

தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் ஜெயபால். எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம் இருந்தது. இரண்டு ஜாதிப் பழத்திலும் ஜூஸ் போட்டு, எது எது என்று சொல்லாமல் வந்தவர்களுக்குக் கொடுப்போம். எதை நல்லது என்கிறார்களோ அந்தச் செடி என்று முடிவு சொன்னார். நாட்டு எலுமிச்சை நீல ஜக்கில், விதையில்லாதது சிவப்பு ஜக்கில் என்றும் இருவருக்குள் பேசிக்கொண்டார்கள். ஞானகுமாரி மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அவள் எதற்கும் அப்படிச் சட்டென்று சரி சொல்கிறவள் இல்லை. அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஜக்கிலும் ஜூஸ் கலந்தாள். சிவப்பு ஜக்கில் மட்டும் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினாள். ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கா இப்படி என்று மனசு கொஞ்சம் உறுத்தியது. கூட்டம் நடக்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் போயிற்று என்று சமாதானம் செய்துகொண்டு, பாய் விரிக்க முன்னறைக்குப் போனாள்.

ஜெபம் முடிந்தது. போதகர் பிராங்க், பள்ளி ஆசிரியை ஜெபா, இன்னும் நாலைந்து பேர். பக்கத்து வீட்டுப் பச்சையப்பனும் இருந்தார். அவர் ஜெபத்துக்கு வருவதில்லை. ஜெபம் முடிகிற நேரத்துக்கு வருவார். ஜெயபால் தன் கையாலேயே முதலில் சிவப்பு ஜக்கை ஊற்றிக் கொடுத்தார். எல்லார் முகமும் மலர்ந்தது. ஜெபா இன்னொரு டம்ளர் கேட்டாள். ஞானகுமாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நீல ஜக்கு வந்தது.

முதல் மடக்கிலேயே பச்சையப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “இன்னாமா இது, கடல் தண்ணிய மொண்டுகினு வந்து ஊத்தன மாதிரி கீது.”

போதகர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழு டம்ளரையும் குடித்து முடித்தார். உப்பும் ஆண்டவர் படைத்ததுதான் என்றார். அடுத்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.

சிவப்பு ஜக்கு ஒருமனதாக ஜெயித்தது. சிவப்பு விதையில்லாதது, நீலம் நாட்டு எலுமிச்சை என்று ஜெயபால் அமைதியாக அறிவித்தார். கைதவறி மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று ஞானகுமாரி குழம்பினாள். சமையலறைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேடைமேல் ஒரு குண்டான் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவாத மனுஷன், இந்தக் குண்டானை வைத்து இரண்டு ஜக்கின் ஜூஸையும் மாற்றி ஊற்றி, கழுவியும் வைத்திருக்கிறார். ஏன் மாற்றினீர்கள் என்று அவரைக் கேட்கவும் வழியில்லை. நீ ஏன் உப்பைப் போட்டாய் என்று அவர் திருப்பிக் கேட்பார்.

மறுநாள் காலை இருவரும் பைக்கில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனார்கள். நர்சரி வைத்திருந்த கலியமூர்த்தி என்ன செடி வேண்டும் என்று கேட்டார். ஞானகுமாரி கணவரைக் கைகாட்டினாள். ஜெயபால் விதையில்லாச் செடியின் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். அதைப் போட்டுவிட்டு நாட்டுச் செடியின் இலையைக் கிள்ளினார். மறுபடியும் அதையே கிள்ளினார். நாட்டு எலுமிச்சையில் பதியன் போட்ட செடி இருந்தால் ஒன்று கொடுங்கள், சீக்கிரம் காய்க்குமே என்றார்.

ஞானகுமாரி அவரையே பார்த்தாள்.

“ஜக்கு மாத்தும்போது உன் நாட்டு ஜூஸ்ல ஒரு டம்ளர் குடிச்சுப் பார்த்தேன்” என்றார் அவர், செடியைப் பார்த்தபடி. “நல்லாத்தான் இருந்துச்சு. நீ உப்பே போட்டிருக்க வேணாம். ஜெயிச்சிருப்ப.”

“அப்ப நேத்தே சொல்ல வேண்டியதுதானே?”

“நேத்து எனக்குக் கோபம்.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. கலியமூர்த்தி முன்னால் சிரிக்கக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது செடி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் முள் அவர் முதுகில் ஏறியது. பூந்தமல்லி தாண்டும்வரை அவர் மூச்சுவிடவில்லை. அதன் பிறகு, கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்கிறாயா என்று மெதுவாகக் கேட்டார். பின்னால் தள்ள இடமில்லை. செடியைத் தன் பக்கமாகத் திருப்பி அணைத்துக்கொண்டாள். முள் அவள் கையையும் ஒரு கை பார்த்தது.

வீட்டுக்கு வந்து அவர் குழி தோண்டும்போது பச்சையப்பன் மதில்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். எந்த ஜாதி என்று கேட்டார். நாட்டு எலுமிச்சை என்றார் ஜெயபால்.

“நேத்து உப்பு கரிச்சுதே, அத்தயா வெக்கிறீங்க?”

ஜெயபால் மண்வெட்டியை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“ஆமா, எங்களுக்கு அந்த ருசி பழகிப்போச்சு” என்றார்.

பச்சையப்பன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். ஞானகுமாரி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றுங்கள் என்றாள்.